உடற்பருமன் மருந்து நிறுவனங்களின் பங்குகளை இப்போது வாங்கலாமா?

கேள்வி: சிறுவாணி

அனைவருக்கும் வணக்கம். நான் கோயம்புத்தூரில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். மியூச்சுவல் ஃபண்டுகளிலும் சில இந்தியப் பங்குகளிலும் நெடுநாளாக முதலீடு செய்து வருகிறேன். வெளிநாட்டுப் பங்கு எதையும் இதுவரை வாங்கியதில்லை.

சர்க்கரை நோயும் உடற்பருமனும் சேர்ந்திருந்த என் அக்காவுக்கு மருத்துவர் மவுஞ்சாரோ ஊசியை எழுதிக் கொடுத்தார். அதன் பலனை வீட்டிலேயே பார்த்த பிறகு, இந்த மருந்துகளைத் தயாரிக்கும் நிறுவனங்களைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்கக் குழப்பமே மிஞ்சுகிறது. மவுஞ்சாரோவைத் தயாரிக்கும் அமெரிக்காவின் ஈலை லில்லி 2025 நவம்பரில் ஒரு லட்சம் கோடி டாலர் சந்தை மதிப்பைத் தொட்டது. மருந்து நிறுவனம் ஒன்று அந்த அளவை எட்டியது அதுவே முதன்முறை. அதே துறையில், ஓசெம்பிக்கையும் விகோவியையும் கொண்டுவந்த டென்மார்க்கின் நோவோ நோர்டிஸ்க், 2024 ஜூனில் தொட்ட உச்சத்திலிருந்து மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் சரிந்து கிடக்கிறது. இரண்டும் ஏறத்தாழ ஒரே வகை மருந்தைத்தான் விற்கின்றன.

ஏழெட்டு ஆண்டுகளுக்குத் தேவைப்படாத ஒரு தொகை என்னிடம் இருக்கிறது. ஏறியதை வாங்குவதா, இறங்கியதை வாங்குவதா, இரண்டையும் விட்டுவிட்டு இதே துறையில் இறங்கியிருக்கும் சிறிய நிறுவனங்களைப் பார்ப்பதா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: பொருநைக்கரை

சிறுவாணி அவர்களுக்கு வணக்கம். உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. மருந்து வேலை செய்கிறதா என்பது ஒன்று. அந்த மருந்தால் வரும் பணம், இன்று நாம் கொடுக்கும் விலைக்கு ஈடாகப் பங்குதாரரிடம் வந்து சேருமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. ஓசெம்பிக், விகோவி இரண்டிலும் உள்ள நோவோவின் மூலக்கூறான செமாகுளூடைடை வைத்து நடந்த ஸ்டெப்-1 பரிசோதனையில் 68 வாரங்களில் சராசரியாக 14.9 சதவீத எடை குறைந்தது. லில்லியின் மவுஞ்சாரோவில் உள்ள டிர்செபடைடு, சர்மவுண்ட்-1 பரிசோதனையில் அதிக அளவு மருந்து பெற்றவர்களிடம் 72 வாரங்களில் 20 சதவீதத்துக்கும் மேல் குறைத்துக் காட்டியது. எடை மட்டும் அல்ல. 17,604 பேர் பங்கேற்ற, செமாகுளூடைடின் செலக்ட் பரிசோதனையில், இதய நோய் உள்ள பருமனானவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் இறப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து 20 சதவீதம் குறைந்தது. மருத்துவத்தைப் பொறுத்தவரை இது பெரும் சாதனை என்பதில் எனக்குத் துளியும் ஐயம் இல்லை.

இரண்டாவது கேள்விதான் பணத்தைத் தின்கிறது. 2024 டிசம்பர் 20 அன்று நடந்ததைச் சற்று நெருங்கிப் பாருங்கள். நோவோவின் அடுத்த தலைமுறை மருந்தான காக்ரிசெமாவின் மூன்றாம் கட்டப் பரிசோதனை முடிவு அன்று வெளியானது. எடை 22.7 சதவீதம் குறைந்திருந்தது. அதே பரிசோதனையில் செமாகுளூடைடு மட்டும் பெற்றவர்களைவிட இது தெளிவான முன்னேற்றம். ஆனால் நிறுவனம் முன்கூட்டியே 25 சதவீதம் என்று பேசி வைத்திருந்தது; போதாக்குறைக்கு, அதிகபட்ச அளவு வரை சென்றவர்கள் 57 சதவீதம் பேர் மட்டுமே என்ற செய்தியும் வந்தது. ஒரே நாளில் பங்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழந்தது. மருந்து தோற்கவில்லை. சந்தை அந்தப் பங்குக்கு ஏற்கெனவே கொடுத்திருந்த விலைக்கு அந்த முடிவு போதவில்லை, அவ்வளவே. 2025 ஆகஸ்டில் லில்லிக்கும் இதே அனுபவம் வந்தது. அதன் ஆர்ஃபோர்கிலிப்ரான் மாத்திரை 12.4 சதவீத எடையைக் குறைத்தது என்ற முடிவு வந்த அன்று பங்கு 14 சதவீதம் சரிந்தது. பின்னர் மீண்டு மேலேறியது.

நோவோ ஏன் இவ்வளவு இறங்கியது என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். சர்மவுண்ட்-5 என்ற நேரடி ஒப்பீட்டில் டிர்செபடைடு 20.2 சதவீதமும் செமாகுளூடைடு 13.7 சதவீதமும் எடையைக் குறைத்தன. அமெரிக்க மருத்துவர்கள் அதைப் பார்த்து லில்லியின் பக்கம் நகர்ந்தார்கள். ஊசிக்குத் தட்டுப்பாடு நிலவிய காலத்தில் அமெரிக்காவில் மருந்தைத் தாங்களே கலந்து தரும் கலவை மருந்தகங்கள் சட்டப்படியே மலிவான நகல்களைத் தயாரித்து விற்றன. தட்டுப்பாடு 2025 பிப்ரவரியில் நீங்கியதாக அரசு அறிவித்த பிறகும் அந்தச் சந்தை முழுவதும் திரும்பிவரவில்லை. 2025 ஜூலையில் நிறுவனம் தன் விற்பனைக் கணிப்பைக் குறைத்ததும் பங்கு ஒரே நாளில் 20 சதவீதத்துக்கும் மேல் வீழ்ந்தது. தலைமைச் செயல் அதிகாரி மாறினார். 9,000 பணியிடங்கள் நீக்கப்படும் என்ற அறிவிப்பு செப்டம்பரில் வந்தது. அக்டோபரில், வாக்குரிமையில் முக்கால் பங்குக்கும் மேல் தன் பிடியில் வைத்திருக்கும் நோவோ அறக்கட்டளை, இயக்குநர் குழுவின் பெரும்பகுதியை மாற்றியது. வெளியிலிருந்து பங்கு வாங்குகிறவருக்கு அந்த நிறுவனத்தில் குரல் இல்லை என்பதை இதன்வழி அறியலாம். இறங்கியிருக்கிறது என்பது மட்டுமே ஒரு பங்கை வாங்கக் காரணமாகாது.

சிறிய நிறுவனங்களைப் பற்றிக் கேட்டீர்கள். என் ஆலோசனை, அவற்றைத் தொட வேண்டாம் என்பதே. வைக்கிங் தெரப்யூட்டிக்ஸ் 2024 பிப்ரவரியில் ஊசி மருந்தின் முடிவை வெளியிட்டபோது ஒரே நாளில் இரட்டிப்புக்கும் மேல் ஏறியது. 2025 ஆகஸ்டில் மாத்திரையின் முடிவு வந்தபோது, பக்கவிளைவால் பலர் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள் என்று தெரிந்ததும் ஒரே நாளில் 42 சதவீதம் விழுந்தது. எடைக் குறைப்பு மருந்துகளின் முந்தைய வரலாறு இன்னும் கசப்பானது. ஃபென்-ஃபென் கூட்டு மருந்து இதய வால்வுப் பாதிப்பால் 1997இல் திரும்பப் பெறப்பட்டது; அதை விற்ற நிறுவனம் வழக்குகளுக்காக 2,000 கோடி டாலருக்கும் மேல் ஒதுக்க வேண்டியதாயிற்று. சனோஃபியின் ரிமோனபன்ட், மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் தூண்டுகிறது என்று ஐரோப்பாவில் 2008இல் நிறுத்தப்பட்டது. 2012இல் கியூசிமியாவுக்கு அனுமதி பெற்ற விவஸ் நிறுவனம் 2020இல் திவாலானது. 2014இல் கான்ட்ரேவுக்கு அனுமதி பெற்ற ஒரெக்சிஜென் 2018இலேயே திவாலாகியிருந்தது. அரசு அனுமதி பெற்ற மருந்து கையில் இருந்தும் அந்த நிறுவனங்கள் பிழைக்கவில்லை. இன்றைய மருந்துகள் அவற்றைவிட மிக மேலானவை என்பதை ஏற்கிறேன். ஆனால் ஒற்றை மருந்தை நம்பி நிற்கும் நிறுவனத்தின் இடர் அப்படியேதான் இருக்கிறது.

லில்லியிலும் அந்த இடரின் சாயல் உண்டு. 2025 மூன்றாம் காலாண்டில் அதன் வருவாய் சுமார் 1,760 கோடி டாலர். அதில் மவுஞ்சாரோ, ஜெப்பவுண்ட் என்ற இரு பெயர்களில் விற்கும் டிர்செபடைடு என்ற ஒரே மூலக்கூறு மட்டும் சுமார் 1,010 கோடி.

பதில்: வைகைப் பாலம்

நான் மதுரையில் மருந்துக் கடை நடத்துகிறேன். பங்குச்சந்தையைவிட மருந்தின் போக்கு எனக்கு நன்றாகத் தெரியும் என்பதால் அந்தப் பக்கத்திலிருந்து சில செய்திகளைச் சொல்கிறேன்.

மவுஞ்சாரோ 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தபோது 2.5 மில்லிகிராம் குப்பி 3,500 ரூபாய், 5 மில்லிகிராம் குப்பி 4,375 ரூபாய். வாரம் ஒன்று என்பதால் மாதத்துக்கு 14,000 ரூபாயில் தொடங்கி, அளவு கூடக் கூடச் செலவும் கூடும். நம் ஊரில் இதற்குக் காப்பீடு பெரும்பாலும் கைகொடுப்பதில்லை. முழுப் பணமும் நோயாளியின் பையிலிருந்தே வருகிறது. இருந்தும் 2025 அக்டோபரில் இந்தியாவிலேயே அதிக மதிப்புக்கு விற்ற மருந்தாக, ஆன்டிபயாட்டிக் மருந்தான ஆக்மென்டினையும் தாண்டி, மாதத்துக்கு 100 கோடி ரூபாய் என்ற அளவை மவுஞ்சாரோ எட்டியது. இந்தச் செய்தியைப் படித்துவிட்டுப் பலர் உற்சாகமடைந்தார்கள்.

அந்தக் கணக்கு எதைச் சொல்லவில்லை என்பதுதான் முதலீட்டாளர் கவனிக்க வேண்டியது. அதில் புதிதாகத் தொடங்கியவர் எத்தனை பேர், தொடர்ந்து வாங்குபவர் எத்தனை பேர் என்ற பிரிவு இல்லை. கடையில் நான் பார்ப்பது இதுதான்: முதல் மாதம் ஆர்வத்தோடு வாங்குகிறவர், அளவு கூட்டும் கட்டத்தில் குமட்டலும் மலச்சிக்கலும் தாங்காமல் நின்றுவிடுகிறார், அல்லது ஒரு சுற்று எடை குறைந்ததும் போதும் என்று நிறுத்திக்கொள்கிறார், இன்னும் சிலர், அடுத்த அளவின் விலையைக் கேட்டுவிட்டு மருத்துவரிடம் பேசி வருகிறேன் என்று போனவர்கள் திரும்புவதில்லை. இரத்த அழுத்த மாத்திரையை வாங்குகிறவர்கள் ஆண்டுக்கணக்கில் தவறாமல் வருவதைப் போன்ற ஒழுங்கு இந்த ஊசியில் இன்னும் உருவாகவில்லை. ஸ்டெப்-1 பரிசோதனையில் மருந்தை நிறுத்தியவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டுக்குள் திரும்பிவிட்டது. ஆகவே மருத்துவ நோக்கில் இது நீண்டகால மருந்து. பங்கு ஆய்வாளர்களும் பல ஆண்டுகள் தொடர்ந்து வாங்குவார்கள் என்ற எண்ணத்தில்தான் கணக்கிடுகிறார்கள். நோயாளிகள் அப்படி நடந்துகொள்கிறார்களா என்பதை நீங்கள் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இன்னொன்று. விகோவி 2025 ஜூனில் இந்தியாவுக்கு வந்தபோது மாதத்துக்கு 17,345 ரூபாயில் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பரில் நோவோ அதன் விலையை 37 சதவீதம் வரை குறைத்தது. பிற நிறுவனங்களின் நகல் மருந்துகள் வருவதற்கு முன்பே ஒரு நிறுவனம் இப்படி இறங்கி வருகிறது என்றால், வரப்போகும் விலைப் போரின் அளவை அது அறிந்திருக்கிறது என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

உங்கள் அக்காவின் நலனுக்காக ஒரு சொல்: ஊசியைக் குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்கும் கடையில் மட்டும் வாங்குங்கள், உறைநிலைப் பெட்டியில் ஒருபோதும் வைக்க வேண்டாம்.

கேள்வியாளர்: சிறுவாணி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மருந்துக் கடை ஐயா சொன்ன விலைக் குறைப்புச் செய்தியைப் படித்ததும் அடுத்த கேள்வி எழுகிறது. செமாகுளூடைடின் இந்தியக் காப்புரிமை 2026 மார்ச்சோடு முடிகிறது என்றால், நம் நாட்டு நிறுவனங்களுக்குத்தானே அது பொற்காலம்? டாக்டர் ரெட்டீஸ், சன் ஃபார்மா, பயோகான், சைடஸ் போன்றவற்றை வாங்கினால் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் தொல்லையும் இல்லையே.

பதில்: கொள்ளிடம்

சிறுவாணி அவர்களே, இந்தத் துறையை வேலை நிமித்தமாகக் கவனித்து வருகிறேன். பொற்காலம் நோயாளிகளுக்கு என்று உறுதியாகச் சொல்லலாம். பங்குதாரர்களுக்கு என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

காப்புரிமை முடிந்த நீரிழிவு மருந்துகளுக்கு இந்தியாவில் என்ன நடந்தது என்று பாருங்கள். வில்டாகிளிப்டின் 2019 டிசம்பரில், டாபாகிளிஃப்ளோசின் 2020இல், சிட்டாகிளிப்டின் 2022 ஜூலையில் என வரிசையாகக் காப்புரிமை இழந்தன. ஒவ்வொரு முறையும் சில வாரங்களுக்குள் டஜன் கணக்கான நிறுவனங்கள் தங்கள் பிராண்டுகளை இறக்கின. விலை பல மடங்கு சரிந்தது. நோயாளிகளின் எண்ணிக்கை பெருகியது. விற்ற பெட்டிகள் அதிகம், பெட்டிக்குக் கிடைத்த லாபம் சொற்பம். இந்த மருந்துக் குடும்பத்திலேயே முன்னுதாரணம் இருக்கிறது. இதே வகையில் முந்தைய தலைமுறையான லிராகுளூடைடை கிளென்மார்க் 2024 ஜனவரியில் லிராஃபிட் என்ற பெயரில், நாளொன்றுக்குச் சுமார் 100 ரூபாய் என்ற விலையில் கொண்டுவந்தது. அதற்கு முன் ஆன செலவில் ஏறத்தாழ 70 சதவீதம் குறைவு. அந்த மருந்தால் கிளென்மார்க்கின் கணக்கு தலைகீழாக மாறிவிடவில்லை.

ஆனாலும் செமாகுளூடைடு சாதாரண மாத்திரை போன்றதல்ல என்பதால் ஓரளவு வேறுபாடு இருக்கும். பெப்டைடு எனும் சிறு புரதவகை மூலப்பொருளைத் தூய்மையாகத் தயாரிக்க வேண்டும். அதைக் கிருமியற்ற சூழலில் கார்ட்ரிட்ஜில் நிரப்ப வேண்டும். பேனா ஊசியில் பொருத்த வேண்டும். வாடிக்கையாளரை எட்டும் வரை குளிர்ச்சி குறையாமல் காக்க வேண்டும். இந்த நிரப்பும் வேலை எவ்வளவு பெரிய தடை என்பதற்கு, நோவோவைக் கட்டுப்படுத்தும் நிறுவனம் அமெரிக்காவின் ஒப்பந்த மருந்துத் தயாரிப்பு நிறுவனமான கேட்டலென்ட்டை 1,650 கோடி டாலருக்கு வாங்கியதும், அதன் மூன்று ஆலைகளை நோவோ நோர்டிஸ்க் 1,100 கோடிக்கு எடுத்துக்கொண்டதும் சான்று. ஆகவே என் கவனம் பிராண்டு விற்பவர்களைவிட அவர்களுக்குப் பொருளும் வேலையும் தருபவர்கள் மீது இருக்கிறது. ஹைதராபாத்தின் டிவிஸ் லேபாரட்டரீஸ் பெப்டைடுக்கு வேண்டிய கட்டுமானப் பொருள்களைத் தருகிறது. பெங்களூரின் ஒன்சோர்ஸ் ஸ்பெஷாலிட்டி ஃபார்மா பேனா, கார்ட்ரிட்ஜ் நிரப்பும் ஒப்பந்தப் பணியைச் செய்கிறது. எந்த பிராண்டு வென்றாலும் இவர்களுக்கு வேலை உண்டு. இதைப் பலரும் அறிந்திருப்பதால் இந்தப் பங்குகளும் மலிவாக இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஏற்றுமதிதான் உண்மையான வாய்ப்பு. அங்கும் பாதை நேராக இல்லை. கனடாவில் பராமரிப்புக் கட்டணம் செலுத்தாமல் விட்டதால் செமாகுளூடைடின் காப்புரிமை முன்பே காலாவதியாகிவிட்டது. மூல நிறுவனத்தின் பரிசோதனைத் தரவைப் பிறர் பயன்படுத்த விடாத தரவுப் பாதுகாப்பு மட்டும் 2026 ஜனவரி வரை தடையாக நின்றது. டாக்டர் ரெட்டீஸ் இந்தச் சந்தையை நம்பி வெகுநாளாகத் தயாராகி வந்தது. ஆனால் 2025 அக்டோபரில் கனடாவின் ஒழுங்குமுறை அமைப்பு அதன் விண்ணப்பத்தில் கூடுதல் விவரம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியதும் அதன் பங்கு சறுக்கியது. அதே ஆண்டு டிசம்பரில், காப்புரிமை இல்லாத நாடுகளுக்கு இங்கிருந்து தயாரித்து அனுப்ப டெல்லி உயர்நீதிமன்றம் அந்த நிறுவனத்துக்கு வழிவிட்டது. ஆக, ஒரு நோட்டீஸ் ஓராண்டு வருவாயைத் தள்ளிப்போடும்; ஒரு தீர்ப்பு இன்னொரு வாசலைத் திறக்கும். அமெரிக்கச் சந்தையோ 2030களின் தொடக்கம் வரை நம்மவர்களுக்குத் திறக்காது.

டாக்டர் ரெட்டீஸையோ சன் ஃபார்மாவையோ வாங்குவதில் தவறில்லை. அவற்றின் மொத்தத் தொழிலையும் மதிப்பிட்டு வாங்குங்கள். செமாகுளூடைடை அதன்மேல் கிடைக்கும் கூடுதல் நன்மையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். லில்லியின் இந்தியக் கிளையும் நோவோவின் இந்தியக் கிளையும் நம் சந்தையில் பட்டியலிடப்படவில்லை. அந்தப் பெயர்களில் வாட்ஸ்அப் குழுக்களில் வரும் ஐபிஓ தகவல்களை நம்ப வேண்டாம்.

பதில்: கணக்குப்பிள்ளை

முதல் கேள்வியில் வெளிநாட்டுப் பங்கு இதுவரை வாங்கியதில்லை என்று குறிப்பிட்டிருந்தீர்கள். வாங்குவதற்கு முன் வரிக் கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது.

தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் எல்ஆர்எஸ் திட்டத்தின்கீழ் ஒரு நிதியாண்டில் 2.5 லட்சம் டாலர் வரை அனுப்பலாம். அனுப்பும் தொகை 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு வங்கி 20 சதவீதத்தை டிசிஎஸ் என்ற முன்கூட்டிய வரியாகப் பிடிக்கும். அது உங்கள் வருமான வரியில் கழித்துக்கொள்ளக்கூடியதே தவிர இழப்பு அல்ல. பங்கை 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்துக்கு 12.5 சதவீத வரி. அதற்குள் விற்றால் உங்கள் வரி அடுக்கின்படி. அமெரிக்க நிறுவனத்தின் ஈவுத்தொகையில் 25 சதவீதம் அங்கேயே பிடிக்கப்படும். உரிய படிவத்தைக் காலத்தில் தாக்கல் செய்தால் இங்கே அதற்கு ஈடு பெறலாம். வைத்திருக்கும் பங்குகளை ஆண்டுதோறும் வருமான வரி அறிக்கையில் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் காட்டியாக வேண்டும். ஒரே ஒரு பங்கு வைத்திருந்தாலும் இது கட்டாயம்.

பலரும் கவனிக்காத ஒன்றைத் தனியாகச் சொல்கிறேன். அமெரிக்கக் குடியுரிமையும் குடியிருப்பும் இல்லாத ஒருவர் இறக்கும்போது, அவரிடம் 60,000 டாலருக்கு மேல் அமெரிக்க நிறுவனப் பங்குகள் இருந்தால், மிகுதிக்கு அந்த நாட்டின் மரணச் சொத்து வரி 40 சதவீதம் வரை உண்டு. இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே இதற்கான ஒப்பந்தம் இல்லை. ஏழெட்டு ஆண்டுகள் வைத்திருக்கும் எண்ணம் உள்ளவர், தொகை வளர்ந்து அந்த எல்லையைத் தொடுமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வாரிசுகளுக்கும் இதைச் சொல்லி வைக்க வேண்டும்.

கேள்வியாளர்: சிறுவாணி

மிக்க நன்றி. வரி எல்லைக்குள் நிற்கும் சிறு தொகையை லில்லியில் பல தவணைகளாகப் பிரித்துப் போடலாம் என்று நினைக்கிறேன். மற்றதை இந்திய மருந்துத் துறை ஃபண்டில் வைத்துக்கொள்கிறேன். பொருநைக்கரை ஐயாவிடம் ஒரே ஒரு கேள்வி: காலாண்டு அறிக்கை வரும்போது நான் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: பொருநைக்கரை

தவணையாகப் போடுவது சரியான முடிவு. ஒரே பரிசோதனை முடிவில் இருபது சதவீதம் நகரும் துறையில் மொத்தப் பணத்தையும் ஒரே நாளில் போடக் கூடாது.

லில்லி தன் அறிக்கையில் வருவாய் மாற்றத்தை விற்பனை அளவு, விலை என்று பிரித்துத் தருகிறது. அந்தப் பத்தியை முதலில் படியுங்கள். 2025 மூன்றாம் காலாண்டில் வருவாய் 54 சதவீதம் உயர்ந்தது. விற்பனை அளவு 62 சதவீதம் கூடியிருந்தது, விலையோ 10 சதவீதம் குறைந்திருந்தது. அதாவது ஒவ்வோர் ஊசிக்கும் கிடைக்கும் பணம் ஏற்கெனவே குறைந்துகொண்டிருக்கிறது. அதை மூடி மறைக்கும் அளவுக்கு எண்ணிக்கை பெருகியதால்தான் வளர்ச்சி தெரிகிறது. 2025 நவம்பரில் அமெரிக்க அரசோடு இரு நிறுவனங்களும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் திட்டம் இந்த ஊசிகளுக்கு மாதம் 245 டாலர் தரும்; விகோவியின் பட்டியல் விலை 1,349 டாலராக இருந்தது என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். முன்பு எடைக் குறைப்புக்கென மெடிகேரில் இந்த மருந்து கிடைக்காத முதியோருக்கு இனிக் கிடைக்கும் என்பதால் எண்ணிக்கை கூடும். கூடுவது விலைச் சரிவை ஈடுகட்டுமா என்பதற்கான விடை அந்தப் பத்தியில் காலாண்டுதோறும் வரும். விலைச் சரிவின் சதவீதம் தொடர்ந்து ஏறி, அளவு வளர்ச்சியின் சதவீதம் தொடர்ந்து இறங்கும் காலாண்டுகள் அடுத்தடுத்து வந்தால், பரிசோதனைச் செய்திகள் எவ்வளவு இனிப்பாக இருந்தாலும் புதிய தவணையை நிறுத்திவையுங்கள்.